ஒன்டாரியோ டிப்ளமோவோடு பிசி பல்கலைக்கழகத்துக்கு: சீட் கிடைத்தது, கிரெடிட் கிடைக்கவில்லை

கனடாவில் இரண்டு வருட டிப்ளமோ முடித்தால் எந்தப் பல்கலைக்கழகத்திலும் நேராக மூன்றாம் வருடத்தில் போய் உட்கார்ந்துவிடலாம் என்று எங்கள் ஊர்ப் பக்கம் கன்சல்டன்சிகளில் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். முழுப் பொய்யாக இருந்திருந்தால் யாராவது முதலிலேயே கண்டுபிடித்திருப்பார்கள். பாதி உண்மை என்பதால்தான் வில்லங்கம். குறிப்பிட்ட சில கல்லூரிகளுக்கும் சில பல்கலைக்கழகங்களுக்கும் நடுவில், சில படிப்புகளுக்கு மட்டும், அப்படி ஓர் ஒப்பந்தம் இருக்கத்தான் செய்கிறது. உங்கள் கல்லூரி, உங்கள் டிப்ளமோ, நீங்கள் போக நினைக்கும் பட்டப்படிப்பு, மூன்றும் அந்த ஒப்பந்தத்தில் இருந்தால் மூன்றாம் வருடம். இல்லையென்றால் பாடம் பாடமாகப் பார்த்து எவ்வளவு தருகிறார்களோ அவ்வளவுதான்.

நான் ஒன்டாரியோவில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் புரோகிராமிங் டிப்ளமோவை 2025 ஏப்ரலில் முடித்தேன். அந்த செப்டம்பரில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் (சுருக்கமாக பிசி) ஒரு பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குச் சேர்ந்தேன். இரண்டு வருடத்தில் முடியும் என்று கணக்குப் போட்டது மூன்று வருடம் ஆகப்போகிறது. அந்தக் கூடுதல் வருடத்தின் ஃபீஸ் மட்டும் சுமார் 30,000 டாலர், நம் பணத்தில் 18 லட்சத்துக்கு மேல். தங்கும் செலவு தனி. இதைத் தமிழில் யாராவது முன்னாலேயே எழுதி வைத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்று பல ராத்திரி நினைத்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஏன் மாகாணம் மாறினேன் என்று கேட்பீர்கள். ஒன்டாரியோவில், பிராம்ப்டனில் ஒரு பேஸ்மென்ட்டில் ஐந்து பேரோடு இருந்தேன். பிசியில், சர்ரேயில் மாமா வீடு இருக்கிறது. வாடகை மிச்சம், அத்தை கையால் சாப்பாடு. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. ஆனால் விண்ணப்பம் போட உட்கார்ந்தபோதுதான் என் தலையில் மூன்று முத்திரை இருப்பது தெரிந்தது: வெளிநாட்டு மாணவி, வெளி மாகாணத்து மாணவி, டிரான்ஸ்ஃபர் மாணவி. ஃபீஸைப் பொறுத்தவரை வெளிநாட்டு மாணவர்களுக்கு மாகாணம் ஒரு பொருட்டே இல்லை. ஒன்டாரியோவிலிருந்து போனாலும் ஒரத்தநாட்டிலிருந்து போனாலும் அதே இன்டர்நேஷனல் ஃபீஸ்தான். மாகாணம் வந்து இடிப்பது கிரெடிட்டில், அதாவது ஏற்கெனவே படித்த பாடங்களைப் புதிய இடம் கணக்கில் எடுத்துக்கொள்வதில்.

கனடாவில் கல்வி மத்திய அரசின் கையில் இல்லை, ஒவ்வொரு மாகாணமும் தனிக் கடை. பிசிக்குள் ஒரு கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறவர்களுக்கு பிசி டிரான்ஸ்ஃபர் கைடு என்று ஓர் அருமையான தளம் இருக்கிறது. 1989-இல் தொடங்கிய பிசிகேட் என்ற அமைப்பு நடத்துவது. இந்தக் கல்லூரியின் இந்தப் பாடம் அந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடத்துக்குச் சமம், எத்தனை கிரெடிட் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். ஒன்டாரியோவுக்கு ஒன்டிரான்ஸ்ஃபர் என்று இதேபோல ஒன்று. ஆல்பர்ட்டாவுக்கும் தனியாக உண்டு. எல்லையைத் தாண்டிவிட்டால் இந்த அட்டவணைகள் பெரும்பாலும் கைகொடுக்காது. என் கல்லூரிப் பெயரை பிசி தளத்தில் தேடியபோது என் பாடங்களில் ஒன்றுகூட வரவில்லை. அப்படி வராவிட்டால் கிரெடிட் கிடையாது என்று அர்த்தமில்லை, ஒவ்வொரு பாடத்தையும் ஒரு பேராசிரியர் புதிதாகப் படித்துப் பார்த்து முடிவு செய்வார் என்று அர்த்தம். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். எனவே டிப்ளமோ படிக்கும்போதே பட்டப்படிப்பு எண்ணம் இருந்தால் முதலில் அதே மாகாணத்துக்குள் தேடுங்கள். மாமா வீடு எங்கேயும் ஓடிவிடாது.

இனி காகிதங்களுக்கு வருகிறேன். நான் +2 முடித்தது 2021-இல். அதன்பின் திருச்சியில் ஒரு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. ஒரு வருடம் படித்துவிட்டு நின்றேன். அலைடு மேத்ஸில் ஓர் அரியர் வேறு. "அந்த ஒரு வருஷத்தைக் காட்டவே காட்டாதீங்க, கேப்னு போட்டுக்கலாம்" என்றார் கன்சல்டன்சிக்காரர். விண்ணப்பத்திலோ +2-க்குப் பிறகு படித்த அத்தனை இடத்தையும் எழுதச் சொல்லிக் கேட்டிருந்தது, முடித்தாலும் முடிக்காவிட்டாலும். சந்தேகத்தில் அட்மிஷன் அலுவலகத்துக்கே மெயில் போட்டுக் கேட்டேன். மறைத்தால் பின்னால் எந்தக் கட்டத்திலும் அட்மிஷனை ரத்து செய்வோம் என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஓர் அரியரால் யாரும் சீட்டை மறுப்பதில்லை, மறைத்தது தெரிந்தால் மறுப்பார்கள். ஆகவே அரியரோடு சேர்த்தே எழுதினேன். அதைப் பற்றி யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

எழுதியாயிற்று, இனி அதற்கு டிரான்ஸ்கிரிப்ட் வேண்டும். நம்மூரில் செமஸ்டர் மார்க் ஷீட்டை ஸ்கேன் செய்து அனுப்பினால் ஆயிற்று என்று நினைப்போம். இங்கே 'அஃபீஷியல்' என்றால் படித்த இடத்திலிருந்து நேரடியாக வர வேண்டும், அல்லது அவர்கள் ஒட்டி முத்திரை வைத்த உறை பிரிக்கப்படாமல் வர வேண்டும். நம் கை பட்டால் அது நகல்தான். அதுவும் நம் கல்லூரி கொடுத்தால் போதாது, அது இணைந்திருக்கும் பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் கொடுக்க வேண்டும். அப்பா லீவு போட்டு அலைந்து, பணம் கட்டி, வாரக்கணக்கில் காத்திருந்து வாங்கினார். வாங்கி வீட்டுக்கு வந்ததும் உறையைப் பிரித்துவிட்டார். பெயர், பதிவெண் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு, ஃபெவிகால் போட்டு அழகாக ஒட்டி, மேலே ஒரு புத்தகத்தை வைத்து அழுத்தி, வீடியோ காலில் காட்டினார். வாய்ப்பகுதியில் இருந்த நீல முத்திரையின் மேல் பாதியும் கீழ் பாதியும் ஒரு நூல் அளவு விலகி நின்றன. "உள்ள இருக்கறது சரியா இருக்கான்னு பார்க்க வேணாமாம்மா?" என்றார். அவர் கேட்டதில் என்ன தப்பு, சொல்லுங்கள். ஆயுள் முழுக்க அரசு அலுவலகக் காகிதத்தில் பிழை கண்டே பழகியவர். எனக்குத்தான் அழுகை வந்தது. மறுபடி விண்ணப்பம், மறுபடி பணம், மறுபடி காத்திருப்பு. அந்தக் கோபத்தில் அப்பாவோடு சரியாகப் பேசாமல் இருந்த நாட்களை இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. ஊரில் உங்களுக்காக அலைகிறவர்களிடம் உறையைப் பிரிக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒன்றுக்கு மூன்று உறையாக வாங்கச் சொல்லுங்கள். ஒன்றை அவர்கள் தாராளமாகப் பிரித்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

கனடாவுக்குள் இந்தத் தலைவலி கிடையாது. பல கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் மைக்ரெட்ஸ் மாதிரி டிஜிட்டல் வழியில் நேராக அனுப்பிவிடுகின்றன. ஒன்றை மட்டும் கவனியுங்கள். கடைசி செமஸ்டர் மார்க் ஏறுவதற்கு முன் ஆர்டர் செய்தால் அது இடைக்கால டிரான்ஸ்கிரிப்ட்தான். முடிந்த பிறகு இன்னொரு முறை பணம் கட்டி அனுப்பியாக வேண்டும், அதற்கு ஒரு கடைசித் தேதியும் உண்டு.

பெயர் விஷயம் நம் ஆட்களுக்கே உரிய தொல்லை. என் +2 சான்றிதழில் பெயரோடு இனிஷியல். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து அப்பா பெயர் சர்நேம் ஆகிவிட்டது. பி.எஸ்சி. மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், டிப்ளமோவில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி. கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று பேர். பல்கலைக்கழகத்தில் என் காகிதங்கள் இரண்டு வெவ்வேறு கோப்பில் கிடந்து, "உங்கள் பள்ளி மதிப்பெண் இன்னும் வரவில்லை" என்று நினைவூட்டல் வந்துகொண்டே இருந்தது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி பத்திரம் ஒன்றை ஊரில் எழுதி வாங்கி அனுப்பிய பிறகுதான் தீர்ந்தது. கிளம்பும் முன்பே இதை எழுதி வாங்கி வைத்துக்கொண்டால் நல்லது. அனுப்பும் ஒவ்வொரு காகிதத்தோடும் விண்ணப்ப எண்ணைக் குறிப்பிடச் சொல்லுங்கள்.

டிப்ளமோ முடித்துவிட்டோம், இனி எதற்கு +2 மதிப்பெண் என்று நினைக்காதீர்கள். கணக்கு படித்திருக்கிறோமா, இயற்பியல் படித்திருக்கிறோமா என்ற அடிப்படைத் தகுதியை அதிலிருந்துதான் பார்க்கிறார்கள். கல்லூரியில் குறைவான கிரெடிட் எடுத்திருந்தால் பள்ளி மதிப்பெண்ணையும் சேர்த்துத்தான் சராசரி போடுகிறார்கள். பிசியில் 24 கிரெடிட் என்பது இதற்கு அடிக்கடி கண்ணில் படும் எல்லைக்கோடு. எங்கள் 2021 பேட்ச் கதையோ தனி. கொரோனாவால் பொதுத்தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், +1-இலிருந்து 20, +2 செய்முறை, அக மதிப்பீட்டிலிருந்து 30 என்று கணக்கிட்டுக் கொடுத்த மதிப்பெண். அதை விளக்கிப் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் கேட்டார்கள். எச்.எம். சார் உடனே அனுப்பினார், தன் சொந்த ஜிமெயிலிலிருந்து. பள்ளியின் அதிகாரபூர்வ முகவரி இல்லை என்று நிராகரித்துவிட்டார்கள். நம் அரசுப் பள்ளிகளில் எத்தனை பள்ளிக்குச் சொந்த மெயில் முகவரி இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியுமா? கடைசியில் பள்ளி லெட்டர்ஹெட்டில் கையெழுத்து, முத்திரையோடு கூரியரில் வந்தது. நல்லவேளை, இந்த உறையை யாரும் பிரிக்கவில்லை.

ஆங்கிலத் தகுதியிலும் ஒரு செலவு. ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். நான் 2023-இல் டிப்ளமோவுக்காக எழுதியது காலாவதியாகிவிட்டது. கனடாவில் ஆங்கிலத்திலேயே படித்துக்கொண்டிருப்பவளுக்கு எதற்கு மறுபடி என்று நானும் வாதாடிப் பார்த்தேன். குறிப்பிட்ட அளவு கிரெடிட்டோ குறிப்பிட்ட ஆங்கிலப் பாடமோ இருந்தால்தான் விலக்கு, அந்தக் கணக்கும் இடத்துக்கு இடம் வேறு. கம்யூனிகேஷன்ஸ் என்று டிப்ளமோவில் படித்த பாடத்தை அவர்கள் கல்லூரி நிலை ஆங்கிலமாக ஏற்கவில்லை. 300 டாலருக்கு மேல் கட்டி மறுபடி எழுதினேன். ஊரிலிருந்து நேராகப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகள் கவனத்துக்கு: யூபிசி (பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம்) போன்ற இடங்களில் சிபிஎஸ்இ, ஐஎஸ்சி பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் 75-க்கு மேல் எடுத்திருந்தால் அதையே ஏற்கிறார்கள். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்கள் அந்தச் சலுகையை நம்பிக்கொண்டிராமல் தேர்வை எழுதிவிடுங்கள்.

வெஸ் அறிக்கை பற்றியும் சொல்லியாக வேண்டும். வெஸ் என்பது வெளிநாட்டுச் சான்றிதழ் கனடாவில் எதற்குச் சமம் என்று மதிப்பிட்டுச் சொல்லும் நிறுவனம். இந்தியச் சான்றிதழ் என்றாலே வெஸ் மதிப்பீடு கட்டாயம் என்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் அடித்துச் சொன்னார்கள். கூரியர் உட்பட சில நூறு டாலர் போனது. நான் விண்ணப்பித்த இடங்களில் எதுவுமே அதைக் கேட்கவில்லை. இளநிலை அட்மிஷனுக்குப் பல பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மதிப்பெண்ணைத் தாங்களே மதிப்பிட்டுக்கொள்கின்றன. குடியேற்றத்துக்கு எடுக்கிற வெஸ் அறிக்கை வேறு சமாச்சாரம். அவரவர் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் அந்தச் சொல் இருந்தால் மட்டும் பணம் கட்டுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஆஃபர் லெட்டர் வந்தது. மாமா வீட்டில் கேசரி கிண்டினார்கள். 5,000 டாலர் டெபாசிட்டை இரண்டு வாரத்துக்குள் கட்டச் சொல்லியிருந்தது. திரும்பக் கிடைக்காத பணம். கட்டினேன். அந்தக் கடிதத்தில் எத்தனை கிரெடிட் ஏற்றுக்கொள்ளப்படும் என்று ஒரு வார்த்தை கிடையாது, "டிரான்ஸ்ஃபர் கிரெடிட் பின்னர் மதிப்பிடப்படும்" என்பதோடு சரி. சீட் கொடுப்பது ஓர் அலுவலகம், கிரெடிட் கொடுப்பது இன்னொரு அலுவலகம், நாட்டில் இருந்து படிக்க அனுமதிப்பது மூன்றாவது அலுவலகம். ஒன்றில் நடப்பது மற்றதற்குத் தெரியாது. மூன்றையும் சேர்த்துப் பார்த்து "இது உனக்குச் சரிப்பட்டு வருமா" என்று சொல்லும் ஆள் கவுன்ட்டரில் ஒருவரும் இல்லை. முதல் அலுவலகத்தின் சரியை நாம் மூன்றுக்குமான சரியாக எடுத்துக்கொள்கிறோம். ஏஜென்ட்டுகளின் பிழைப்பு இந்த இடத்தில்தான் ஓடுகிறது.

கிரெடிட் மதிப்பீடு ஜூலையில் வந்தது. பொதுவாக 120 கிரெடிட் பட்டத்தில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து கொண்டுவர முடியாது. யூபிசி, எஸ்எஃப்யூ (சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகம்) போன்ற இடங்களில் உச்சவரம்பு 60. நான் அந்த 60-ஐ மனதில் வைத்திருந்தேன். கிடைத்தது 30. அதிலும் பாதிக்கு மேல் 'அன்அசைன்டு'. அதாவது கிரெடிட் எண்ணிக்கையில் சேரும், ஆனால் எந்தப் பாடத்துக்கும் ஈடாகாது. ஜாவா இரண்டு செமஸ்டர் படித்தவளுக்கு "கம்ப்யூட்டர் சயின்ஸ், முதல் வருடம், அன்அசைன்டு, 3" என்று ஒரு வரி. அதை வைத்து இரண்டாம் வருட டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் எடுக்க முடியாது, முதல் வருட புரோகிராமிங்கை மறுபடி படிக்க வேண்டும். மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு என் ஃபீஸ் 3,000 டாலருக்கு மேல். டெக்னிக்கல் மேத்ஸ் என்று நான் படித்ததைக் கால்குலஸாக ஏற்கவில்லை. கால்குலஸ் முடிக்காமல் லீனியர் அல்ஜிப்ரா இல்லை, அது இல்லாமல் மேல் வருடப் பாடம் இல்லை என்று சங்கிலி போல நீளுகிறது. ஒரு வருடம் கூடியது இப்படித்தான். வேடிக்கை என்னவென்றால், எல்லோரும் மறைக்கச் சொன்ன அந்த பி.எஸ்சி. வருடத்தில் படித்த பகுதி 1 தமிழுக்கு, மொழிப் பாடம் என்று மூன்று கிரெடிட் சத்தமில்லாமல் கிடைத்தது. சங்க இலக்கியம் மனப்பாடம் செய்தது சர்ரேயில் 3,000 டாலரை மிச்சப்படுத்தும் என்று எங்கள் தமிழம்மாவிடம் சொன்னால் நம்பமாட்டார்.

டெபாசிட் கட்டுவதற்கு முன் துறையின் ஆலோசகருக்கு, அதாவது அட்மிஷன் ஆளுக்கு அல்ல, கம்ப்யூட்டர் சயின்ஸ் துறையின் அட்வைசருக்கு, உங்கள் பாடப் பட்டியலை அனுப்பி, "இதில் எவை பாடத்துக்குப் பாடம் ஈடாகும், எவை அன்அசைன்டு ஆகும்" என்று கேளுங்கள். எழுத்தில் உறுதி தரமாட்டார்கள், ஆனால் இதேமாதிரி டிப்ளமோவோடு முன்பு வந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்று சொல்வார்கள். அந்த ஒரு வரி போதும், கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதைவிட முக்கியம், கோர்ஸ் அவுட்லைன். டிரான்ஸ்கிரிப்டில் பாடத்தின் பெயர்தான் இருக்கும். பெயரைப் பார்த்து யாரும் கிரெடிட் தருவதில்லை. வாராவாரம் என்ன நடத்தினார்கள், எந்தப் புத்தகம், எத்தனை மணி நேரம், தேர்வுக்கு எத்தனை சதவீதம் என்று நான்கைந்து பக்கம் இருக்குமே, அதுதான் பேராசிரியர் கையில் போகும். கல்லூரி முடிந்து சில மாதத்தில் என் போர்ட்டல் பூட்டிக்கொண்டது. முதல் செமஸ்டர் அவுட்லைன் எதுவும் என்னிடம் இல்லை. கூடப் படித்தவர்களிடம் கெஞ்சி, பழைய ஆசிரியர்களுக்கு மெயில் போட்டு, ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். இப்போது படித்துக்கொண்டிருப்பவர்கள் இன்றே உட்கார்ந்து எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அவுட்லைனில் எந்த வருடம், எந்த டெர்ம் என்று இருக்க வேண்டும். நீங்கள் படித்த வருடத்ததுதான் செல்லும், புதிய வருடத்தது செல்லாது.

மூன்றாவது அலுவலகம் ஐஆர்சிசி, கனடாவின் குடியேற்றத் துறை. ஏற்கெனவே ஸ்டடி பர்மிட் இருக்கிறது, ஆன்லைன் கணக்கில் கல்லூரிப் பெயரை மாற்றினால் போதும் என்று சீனியர்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்னதும் ஒரு காலத்தில் உண்மை. 2024 நவம்பர் 8 முதல் விதி மாறிவிட்டது. இப்போது கல்லூரி மாறினால் புதிய ஸ்டடி பர்மிட் வேண்டும், அது கைக்கு வந்த பிறகுதான் புதிய இடத்தில் படிக்கலாம். புதிய பர்மிட் என்றால் மறுபடி முதலிலிருந்து: 150 டாலர் கட்டணம், மாகாண அத்தாட்சிக் கடிதம், பணம் காட்டுதல். பிஏஎல் என்கிற அந்த அத்தாட்சிக் கடிதம், மாகாணத்தின் ஒதுக்கீட்டில் நமக்கு இடம் உண்டு என்று சொல்வது, 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஜனவரியிலிருந்து கனடாவுக்குள் இருந்து விண்ணப்பிக்கிறவர்களுக்கும் பொருந்துகிறது. அதே கல்லூரியில் அதே நிலையில் நீட்டிக்கிறவர்களுக்கு வேண்டாம், மாறுகிறவர்களுக்கு வேண்டும். ஒன்டாரியோ கடிதம் பிசியில் செல்லாது. பல்கலைக்கழகம் வழியாகத்தான் பெற முடியும், அவர்கள் டெபாசிட் வந்த பிறகுதான் அதற்கு ஏற்பாடு செய்கிறார்கள். அதாவது கிரெடிட் எவ்வளவு என்று தெரியும் முன்பே பணம் கட்டியாக வேண்டிய கட்டாயம் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறதா? காட்ட வேண்டிய பணம், ஃபீஸ் போக, நான் போட்டபோது 20,635 டாலர். 2025 செப்டம்பர் 1 முதல் 22,895.

நேரக் கணக்கு இன்னும் மோசம். பர்மிட் தாளில் எந்தத் தேதி அச்சடித்திருந்தாலும், படிப்பு முடிந்து 90 நாளில் அது செல்லாமல் போய்விடும். ஏப்ரல் கடைசியில் முடித்தவள் ஜூலை கடைசிக்குள் புதிய விண்ணப்பத்தை உள்ளே தள்ளியாக வேண்டும். அதற்குள் போட்டுவிட்டால் முடிவு வரும்வரை நாட்டில் இருக்கலாம், ஆனால் புதிய இடத்தில் வகுப்புக்குப் போக முடியாது. எனக்கு அனுமதி வந்தது வகுப்பு தொடங்கிய வாரத்தில். அதுவரை சர்ரேயில் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தேன். இன்னொன்று, டிப்ளமோ முடித்ததும் கிடைக்கும் போஸ்ட் கிராஜுவேஷன் வொர்க் பர்மிட் ஆயுளில் ஒரு முறைதான். இப்போது வாங்கிச் சில வருடம் வேலை பார்த்துவிட்டுப் பிறகு பட்டம் படித்தால், பட்டத்துக்குப் பின் இன்னொன்று கிடைக்காது. நான் வாங்காமல் படிக்கப் போனேன், அது எனக்குச் சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் கடன் நெருக்குகிறவர்கள் யோசித்துச் செய்ய வேண்டியது. கடன் என்றதும் ஞாபகம் வருகிறது. ஊரில் வங்கி கொடுத்த கல்விக் கடன் அந்தக் கல்லூரிக்கும் அந்த டிப்ளமோவுக்கும்தான். மேற்கொண்டு படிப்பதாக வங்கியில் முன்பே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்காவிட்டால், படிப்புக் காலம் போக ஒரு வருடத்தில் தவணை ஓட ஆரம்பித்துவிடும். மேனேஜர் மாறிவிட்டால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். அப்பா சொன்னார்.

இதே வருடம் மாமா பெண்ணும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வெளி மாகாணங்களுக்கு விண்ணப்பித்தாள். அவள் இங்கே பிறந்த குடிமகள், அவளுக்கு பர்மிட்டும் இல்லை பிஏஎல்லும் இல்லை. அவள் பாடு வேறு மாதிரி. ஒன்டாரியோப் பல்கலைக்கழகங்களுக்கு ஓவாக் என்ற பொது விண்ணப்பம். அங்கே கேட்கும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்கள் ஒன்டாரியோ பெயரில் இருக்கும். பிசி பள்ளிக் கணக்குப் பாடமான ப்ரீ-கால்குலஸ் 12 அதில் எதற்குச் சமம் என்று ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் பிசி மாணவர் பக்கத்தில்தான் பார்க்க வேண்டும். சிலவற்றுக்குக் கால்குலஸ் 12-உம் கேட்டார்கள். அவள் பள்ளியில் அது ஒரு டெர்மில்தான் இருந்தது, நல்லவேளை எடுத்திருந்தாள். மாண்ட்ரியல் போக ஆசைப்பட்டாள். கியூபெக் அரசு 2023 அக்டோபரில் வெளி மாகாணத்து மாணவர்களின் ஃபீஸைச் சுமார் 9,000-இலிருந்து 17,000 டாலராக உயர்த்துவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் 12,000 ஆக்கி, 2024 இலையுதிர் பருவத்திலிருந்து வசூலித்தது. 2025 ஏப்ரலில் நீதிமன்றம் அந்த உயர்வு நியாயமற்றது என்றது. மாமா அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, "நம்ம ஊரு கவுன்சலிங் பரவாயில்ல போல" என்றார். கல்விக் கடனும் உதவித்தொகையும் படிக்கப் போகும் மாகாணம் தருவதில்லை, கடைசியாக 12 மாதம் மாணவராக இல்லாமல் வசித்த மாகாணம்தான் தரும். அவள் டொராண்டோ போனாலும் விண்ணப்பிக்க வேண்டியது ஸ்டூடன்ட்எய்ட் பிசிக்குத்தான். தெரியாமல் ஒன்டாரியோவின் உதவித் திட்டமான ஓசாப்பில் நிரப்பிக்கொண்டிருந்தாள், பார்த்து நிறுத்தினேன். இத்தனை அலைச்சலில் நான் பிறருக்குப் பிரயோஜனப்பட்டது அந்த ஒரு சாயங்காலம்தான். கியூபெக்கில் பள்ளி பதினொன்றாம் வகுப்போடு முடிந்து, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய கல்லூரியான சீஜெப் தொடங்கிவிடும் என்பதால், அங்கிருந்து ஒன்டாரியோவுக்கு வரும் பிள்ளைகளுக்குக் கணக்கு இன்னும் வேறு. அங்கே இருப்பவர்கள் யாராவது எழுதினால் நன்றாக இருக்கும்.

சேர்ந்த பிறகும் கிரெடிட் விஷயத்தில் விடவில்லை. மறுமதிப்பீட்டுக்கு எழுதிக் கொடுக்க ஒரு கால வரம்பு இருக்கிறது, பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சேகரித்த அவுட்லைன்களோடு, டிப்ளமோவில் செய்த ப்ராஜெக்ட் கோடையும் சேர்த்து, அன்அசைன்டு ஆன பாடங்களுக்கு எழுதிக் கொடுத்தேன். டேட்டாபேஸ் பாடம் ஒன்று மட்டும் முறையான ஈடாக மாறியது. ஜாவாவுக்கு மறுத்துவிட்டார்கள், அதற்குப் பதில் துறைத் தேர்வு எழுதித் தேறினால் முதல் வருடப் பாடத்தைத் தாண்டலாம் என்றார்கள். கிரெடிட் வராது, ஆனால் ஒரு டெர்ம் மிஞ்சும். ஜனவரியில் எழுதுகிறேன்.

பிசிக்கு வருகிறவர்கள் மருத்துவக் காப்பீட்டை மறந்துவிடாதீர்கள். இங்கே வெளிநாட்டு மாணவர்களும் மாகாண அரசின் காப்பீடான எம்எஸ்பியில் சேர வேண்டும், மாதம் 75 டாலர். ஆனால் வந்த மாதத்தின் மிச்ச நாட்களும் அடுத்த இரண்டு மாதமும் அது செல்லாது. ஒன்டாரியோ கல்லூரியின் இன்ஷூரன்ஸ் எனக்கு ஆகஸ்டோடு முடிந்துவிட்டது. நடுவில் ஒரு பல்வலி, பணம் கைவிட்டுப் போனது. அந்த இடைவெளிக்குப் பல்கலைக்கழகமே குறைந்த விலையில் தற்காலிகக் காப்பீடு வைத்திருக்கும், ஃபீஸ் பட்டியலில் அது சேர்ந்திருக்கிறதா, பல்லுக்கும் சேர்த்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.